மூன்று கிராம்

ஒரு டம்ளர் மூன்று கிராம்.
நூட்சா தராசில் வைத்துக் காட்டியும்
எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை.
ருஸ்தாவி உலைக்கூடத்தில்
டன்னுக்குக் கீழே எதையும் நாங்கள் எண்ணியதில்லை.

எழுபதாயிரம் வேண்டுமாம் அவளுக்கு.
கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்குகிற
அதே வெள்ளைப் பிளாஸ்டிக்,
சந்தையில் கட்டுக்கு நூறு.
லாரி வந்து நின்றதும் ஜும்பெர் கேட்டான்:
"செத்தது யாரு? ஊரே சாப்பிடப் போகுதா?"

மூடிக் கிடந்த மூன்றாம் கூடத்தைப்
பெருக்கவே ஒன்பது நாள் ஆனது.
பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி
இங்கே நாலு உயரம், அங்கே நாற்பது,
அவள் சுண்ணாம்பில் போட்ட எண்படி
நிறுத்திக்கொண்டே வந்தோம்.
பசை கிடையாது, நூல் கிடையாது.
"எது பிடிச்சு நிக்கும்?" என்றேன்.
"பக்கத்து டம்ளர்" என்றாள்.

கொதிக்கிற இரும்பின் முன்
இருபத்தாறு வருஷம் நின்ற உடம்பு
ஒரு தும்மலுக்குப் பயந்து
மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது.

ஜுஜுனா மட்டும் கீழே இறங்கவில்லை.
மின்சாரம் போன கிரேனின் பழைய கூண்டில்
பிளாஸ்க்கும் கம்பளியுமாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்,
அன்று உட்கார்ந்த அதே இருக்கை.
கத்தினால் கேட்காது. கையால் சொன்னாள்.
உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு.
இரண்டு விரல் சுழன்றால் இடது பக்கம்.
முஷ்டி என்றால் நில்.
ஒரு சைகையும் மறக்கவில்லை எங்களுக்கு.
கணக்குப் பார்த்தால் பதினாலு வருஷம்.

ஒரு ராத்திரி தெற்குக் கதவைக் காற்று திறந்துவிட்டது.
விடிந்து போனால்
ஓரமாக ரெண்டாயிரம் சரிந்து கிடக்கிறது.
ஜும்பெர் கதவைத் திட்டினான்,
கதவு செய்தவனின் தாயைத் திட்டினான்.
நூட்சா குந்தி உட்கார்ந்து
ஒன்று, ரெண்டு என்று பொறுக்கப் போனாள்.

மேலே முஷ்டி.

பதினெட்டு மீட்டர் ஏணியில்
ஜுஜுனா மூச்சு வாங்க இறங்கி வந்து சொன்னாள்:
"மத்ததெல்லாம் நாம வச்ச மாதிரி இருக்கு.
அது மட்டும்தான் தானா வந்த மாதிரி இருக்கு."

மூன்று நாள் நூட்சா அவளோடு பேசவில்லை.
நாலாம் நாள் வடக்கு ஓரத்தையும்
கலைத்துப் பார்க்கச் சொன்னாள்.
கவனமாகக் கலைத்தோம்.
கவனமாகக் கலைத்தால் அது வரவில்லை.
கடைசியில் அந்தக் கதவையே திறந்து வைத்துவிட்டு
சாப்பிடப் போனோம்.

சாயங்காலம் நாலு மணி.
மேற்கு ஜன்னலில் கண்ணாடி இல்லாத பகுதி வழியாக
வெயில் உள்ளே விழும் நேரம்.
முழங்கால் வேண்டாம் என்றது, ஆனாலும் ஏறினேன்.

மேலிருந்து பார்த்தால் டம்ளரே இல்லை.

எதைப் போல என்று கேட்காதீர்கள்.
பால் என்று சொன்னால் பொங்கிவிடும்.
பனி என்று சொன்னால் எல்லோரும் சொல்வதாகிவிடும்.
எனக்குத் தெரிந்த வெள்ளை ஒன்றுதான்.
உலை வாயைத் திறக்கும்போது
கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற வெள்ளை.
அது படுத்துக் கிடந்தது கூடம் முழுக்க,
சுடாமல்.

கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.
பழக்கம்.
ஜுஜுனா சிரிக்கவில்லை,
பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

ஆறு வாரம் சனங்கள் வந்தார்கள்.
திபிலிசியிலிருந்து பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள்,
மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையாக.
ஒரு பையன் மட்டும் "இதைக் கழுவுவாங்களா?" என்றான்.

பிரித்து அடுக்கும்போது மொத்தமும்
இருநூற்றுப் பத்து கிலோ.
எங்கள் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வருகிற கசடு
அதைவிடக் கனம்.
வேலை செய்தது பதினோரு பேர்,
கணக்கில் குறைந்தது பதினாறு டம்ளர்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.
ஜும்பெரின் பை மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது.

என்னுடையது குளியலறைப் பலகையில் இருக்கிறது.
பல் துலக்குகிற பிரஷைப் போட்டால் சாய்கிறது.
தினமும் காலையில் எடுத்து நிறுத்துகிறேன்,
தும்மல் வந்தால்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.